நாற்பத்தோராம் பக்கம்

"இதுல என்னைப் பத்தியும் ஒரு வரி இருக்கு" என்றாள் அவள்.

சாப்பாட்டு மேசையில் பத்துப் புத்தகங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. பிரித்துப்போட்ட பார்சல் காகிதம் கீழே கிடந்தது. பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கல்லூரி முதல்வருக்கு ஒன்று, துறைத் தலைவருக்கு ஒன்று, பேருந்தில் கூட வரும் வங்கி மேலாளருக்கு ஒன்று. மனைவி பேசியபோது அவர் தலை நிமிரவில்லை.

"ஆமா. போடாம இருப்பேனா?"

"படிக்கட்டுமா?"

"நான் எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டுறியா? சரி, படி."

வெங்காயம் நறுக்கிய கை. ஈரம் படக்கூடாது என்று புத்தகத்தை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு முன்னுரையின் கடைசிப் பத்தியை வாசித்தாள். தட்டச்சு செய்தவருக்கு நன்றி. அட்டை வரைந்தவருக்கு நன்றி. மெய்ப்புப் பார்த்த நண்பருக்கு நன்றி. அப்புறம், "ஆறாண்டுக் காலமும் வேளை தவறாமல் தேநீர் தந்து ஊக்குவித்த என் இல்லத்தரசிக்கும்." அந்த 'உம்'மில் ஒரு கணம் நின்றாள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்ன அங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. நான் டீ நல்லா போடுறேனாம். புத்தகத்துல வந்திருக்கு."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

அட்டையில் பெரிய எழுத்தில் 'உலக வரலாறும் ஆங்கில மொழியின் வளர்ச்சியும்' என்றும், அதன் கீழே சின்ன எழுத்தில் 'எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது' என்றும், அதற்கும் கீழே பட்டங்களோடு பேராசிரியர் பெயரும் இருந்தன. அந்தப் பெயரைத் தவிர அந்தப் புத்தகத்தில் அவர் எழுதியது முன்னுரை மட்டும்தான்.

பெண் பார்க்க வந்தபோது மாமியார் கறாராகச் சொல்லியிருந்தார். படித்த பெண் வேண்டும், வேலைக்குப் போகிற பெண் வேண்டாம். பேரப்பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. ஆங்கில மொழியின் வரலாற்றில் முதுகலைப் பட்டமும் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடமும் வாங்கியிருந்த அவள், ஆராய்ச்சிக்கு எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தைத் துணிப்பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். விண்ணப்பம் அங்கேயே மஞ்சளாகிப்போனது.

பேராசிரியருக்கு வரலாறு தெரியும். தேதிகள் தெரியும், போர்கள் தெரியும், எந்த ராஜாவுக்குப் பின் எந்த ராஜா என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார். ஆறு வருடங்களுக்கு முன் கல்லூரியில் ஒரு புதுப்பாடம் வந்தது. உலக வரலாற்றையும் ஆங்கிலம் வளர்ந்த கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாணவர்களுக்குப் பாடநூல் கிடையாது. எதைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்தான் திரட்டித் தர வேண்டும். அன்று சாயங்காலம் அவர் பாடத்திட்டத் தாளைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பாரேன். உன் லைன்தானே?" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளுக்கு என்று ஒரு லைன் இருப்பது அவருக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைத்தான் பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

வியாழக்கிழமை தோறும் மாமியார் மதியம் தூங்கும் நேரத்தில் பொது நூலகத்துக்கு ஓடினாள். எடுத்துப் போகக்கூடாத தடித்த கலைக்களஞ்சியங்களை அங்கேயே உட்கார்ந்து குறித்துக்கொண்டாள். கப்பல் பாதைகளும் படையெடுப்புகளும் போட்ட வரைபடங்களை மெல்லிய காகிதம் வைத்து நகல் வரைந்தாள். நூலகத்துக் கணினியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தை அறிஞர்கள் வாசித்த ஒலிப்பதிவுகளைக் கேட்டாள். அது ஆங்கிலம் மாதிரியே இருக்காது. யாரோ தொண்டையில் கல்லை உருட்டுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவளும் கூடவே முணுமுணுப்பாள்.

வீட்டுக்கு வந்து, மகளின் பழைய பள்ளி நோட்டுகளில் மிச்சமிருந்த தாள்களில் எழுதினாள். ஒவ்வொரு காலத்துக்கும் முதலில் எந்தப் புத்தகம், அதில் எந்த அத்தியாயம் போதும், எந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், எந்தப் புத்தகம் பெரிய பெயர் வாங்கியிருந்தாலும் நம்பக்கூடாது, ஏன் நம்பக்கூடாது. உயிரோடு நிற்கும் மாட்டுக்கு ஒரு சொல்லும் அதுவே தட்டுக்கு வந்தால் வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் ஏன் இருக்கின்றன என்று ஒரு பக்கம். மேய்த்தவர்கள் பேசியது உள்ளூர் மொழி, தின்றவர்கள் பேசியது கடல் தாண்டி வந்த பிரெஞ்சு மொழி, அவ்வளவுதான் விஷயம் என்று அதை முடித்திருந்தாள். பேராசிரியர் அந்தத் தாள்களை வகுப்புக்கு எடுத்துப்போவார். மாணவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள். "சார் நோட்ஸ்" என்று அதற்குப் பெயரும் வந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். பதிப்பாளரும் வந்தார்.

"நீ எழுதிக் குடுத்தே, நான் இல்லைன்னு சொல்லல" என்றார் பேராசிரியர் இப்போது. "ஆனா புத்தகம்னா வேற விஷயம். ஒரு பேராசிரியர் பேரு இருந்தாத்தான் கடைக்காரன் கையிலயே எடுப்பான். வீட்டுல இருக்குற பொம்பளை எழுதினதுன்னு போட்டா யாரு சீந்துவா? நீயே சொல்லு."

"ரெண்டு பேரையும் போட்டிருக்கலாமே."

"போட்டா, அப்ப இத்தனை வருஷமா கிளாஸ்ல நடத்தினது யாரோட நோட்ஸுன்னு கேக்க மாட்டாங்களா? என் மானம் என்ன ஆகிறது?"

மாமியார் எழுந்தே வந்துவிட்டார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னம்மா பங்கு பாகம்? அவனுக்கு வர்ற பேரு உனக்கு வர்ற பேரு இல்லையா? டீ குடுத்தேன்னு எழுதியிருக்கானே, அதுவே பெரிசு. என் வீட்டுக்காரர் நான் இருக்கேன்னே யாருகிட்டயும் சொன்னதில்ல."

மாமியார் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் வெங்காயத்துக்குத் திரும்பிப் போனாள். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்ல வசதியாக இருந்தது.

புத்தகம் நன்றாகப் போயிற்று. பதிப்பாளர் இரண்டாம் பாகமும் கேட்டிருந்தார். அந்தப் பாடத்தில் சேர ஆட்கள் கூடினார்கள். கல்லூரி இன்னொரு விரிவுரையாளரை நியமிப்பது என்று முடிவு செய்து பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. கேட்டிருந்த தகுதிகளை அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. வயது வரம்புக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. அன்று காலைச் சாப்பாட்டின்போது நேராகவே சொல்லிவிட்டாள்.

"நான் அந்த வேலைக்கு அப்ளிகேஷன் போடப்போறேன்."

சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தாள். ஆனால் பேராசிரியர் சிரித்தார். "போடேன். யாரு தடுத்தா? ஆனா ஒண்ணு. நான் அந்த கமிட்டியில இருக்கேன். உன் முறை வர்றப்ப நான் எழுந்து வெளிய போயிடுவேன். பொண்டாட்டிக்கு வேலை வாங்கிக் குடுத்தான்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக்கூடாது."

"வேண்டாம். நீங்க இருக்கவே வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

"அதானே நானும் சொல்றேன்."

மாமியார் மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகனிடம் தனியாக ஏதோ பேசினார். அதன்பின் அவர் முகம் தெளிந்துவிட்டது. மாமியார் மனம் மாறிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வு முதல்வர் அறைக்குப் பக்கத்து அறையில் நடந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த மீசையோடு குழுத் தலைவர். ஒரு பக்கம் வெளியூரிலிருந்து வரவழைத்த அம்மையார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். மறுபக்கம் துறைத் தலைவர். நான்காவது நாற்காலி காலி. பேராசிரியர் சொன்னபடியே எழுந்து போயிருந்தார். அவருடைய கண்ணாடிக்கூடு மட்டும் மேசைமேல் இருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் அவருடைய புத்தகம் ஒன்று.

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. எந்தக் காலத்துக்கு எந்த ஆதாரம் என்று கேட்டார்கள், சொன்னாள். ஒரே போரைப் பற்றி ஜெயித்தவர் எழுதியதையும் தோற்றவர் எழுதியதையும் மாணவர்களுக்கு எப்படிச் சேர்த்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள், அதையும் சொன்னாள். இத்தனை வருடம் அடுப்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், அந்த அமைதியான அறையில் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது. குறைத்துக்கொண்டாள்.

"ஒரு சொல்லோட வரலாற்றிலிருந்து ஒரு சமுதாயத்தைப் புரிஞ்சுக்க முடியும்ங்கறாங்களே, ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"பிரபுவைக் குறிக்கிற லார்டுங்கற சொல் சார். ரொம்பப் பழைய ஆங்கிலத்துல அது ரெண்டு சொல்லா இருந்தது. அர்த்தம், ரொட்டியைக் காவல் காக்கிறவன். லேடிங்கறதும் அதே மாதிரிதான். அது ரொட்டிக்கு மாவு பிசையறவ. ஒரே ரொட்டி. பிசைஞ்சவ ஒருத்தி, காவல் காத்தவன் ஒருத்தன். காவல் காத்தவன்தான் கடைசியில அதுக்குச் சொந்தக்காரன் ஆனான்."

அம்மையார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, ஒரு இடத்தில் விரல் வைத்துத் தலைவர் பக்கம் நகர்த்தினார். தலைவர் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"நாற்பத்தோராம் பக்கம். கடைசி வரி வரைக்கும் அப்படியே சொல்றீங்களே! நல்ல ஞாபக சக்தி."

"மனப்பாடம் இல்லை சார்" என்றாள். "அந்தப் பக்கத்தை எழுதினது நான்."

துறைத் தலைவர் முதலில் சிரித்தார். அதன்பின் மூவருமே சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பு இல்லை. குழந்தை நிலாவைத் தன் வீட்டு நிலா என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

"எங்க வீட்டுலயும் அப்படித்தாம்மா" என்றார் தலைவர். "என் ஆராய்ச்சிக் கட்டுரை பூரா தான் எழுதினதுன்னு என் மனைவி இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கா."

தலைவரின் மனைவி உண்மையிலேயே எழுதினாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"உங்களுக்குப் பெரிய கொடுப்பினை" என்றார் அம்மையார் கனிவாக. "வீட்டுக்குள்ளயே குரு. ஆனா எங்களுக்கு வேண்டியது சொந்தமா யோசிக்கிற ஆள். புத்தகத்தை ஒப்பிக்கிறவங்க இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இத்தனைக்கும் பிறகு அதுதான் வாயில் வந்தது. படி இறங்கும்போது அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

மூன்று வாரம் கழித்து வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "நான் உள்ள இருந்திருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன். நீதான் வேண்டாம்னுட்டே" என்றார். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். மறுநாள் வழக்கம்போலப் பொழுது விடிந்தது. பால் வந்தது, சமையல் நடந்தது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம், வியாழக்கிழமை. மாமியார் படுத்திருந்தார். அவள் நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோள்பை நிறைய நோட்டுகள். வாசலில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. கூடவே ஒரு இளைஞர். புதுச் சட்டை, கையில் புது வருகைப் பதிவேடு.

"இவர்தான் நம்ம டிபார்ட்மெண்ட்டுக்குப் புது லெக்சரர். என் பழைய ஸ்டூடண்ட்தான்" என்றார் பேராசிரியர். "நாளைக்கு முதல் வகுப்பு. பாவம், கொஞ்சம் பயப்படுறாரு. ரெண்டாம் பாகத்துக்கான விஷயம்லாம் நீ எழுதி வச்சிருக்கே இல்ல? ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடு. உனக்கும் பொழுது போகும்." கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே அவர் பின்கட்டுக்குப் போனார்.

இளைஞர் அதே சாப்பாட்டு மேசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தான் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

"மேடம், உங்க நோட்ஸ் படிச்சுத்தான் நான் பாஸ் பண்ணினேன்."

"என் நோட்ஸா?"

"கையெழுத்து சாரோடது இல்லையே. ஜெராக்ஸ்ல பின்பக்கத்துப் பெருக்கல் வாய்ப்பாடெல்லாம் நிழலாத் தெரியும். வீட்டுல உக்காந்து நீங்கதான் எழுதுறீங்கன்னு எங்க பேட்ச்சுல எல்லாருக்குமே தெரியும் மேடம்."

"எல்லாருக்கும்."

"ஆமா மேடம்."

"யாரும் சொல்லலையே?"

"சார் மார்க் போடுறவராச்சே" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு மனசில் இருந்ததை இறக்கி வைத்துவிட நினைத்தவர் போல் சொன்னார். "இந்த வேலை உங்களுக்குத்தான் வரும்னு நான் நினைச்சேன். இன்டர்வியூவுக்கு முன்னாலயே சார் கமிட்டியில சொல்லிட்டாராமே. சாரோட அம்மாவுக்கு உடம்பு முடியல, வீட்டை விட்டு உங்களால வர முடியாது, சும்மா ஆசைக்குத்தான் வர்றீங்க, மனசு நோகாம அனுப்பிடுங்கன்னு. ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவளுக்குத் தெரியாது. மாமியாரின் முகம் மூன்றாம் நாள் தெளிந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. அந்த மூன்று பேரின் கனிந்த சிரிப்பும் புரிந்தது. மனம் நோகாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

பேராசிரியர் திரும்பி வந்தார். "ஆரம்பிச்சாச்சா?"

இளைஞர் அவசரமாகப் பதிவேட்டைத் திறந்து, குறித்து வைத்திருந்த முதல் கேள்வியை வாசித்தார். "நைஃப்னு சொல்றோம். கத்தி. எழுதும்போது மட்டும் முன்னால 'கே' எழுத்து சும்மா நிக்குது. இந்த மாதிரி நிறைய இருக்கு. ஏன்னு பசங்க முதல் நாளே கேப்பாங்க மேடம்."

அந்த எழுத்து சும்மா நிற்க வந்ததில்லை. ஒரு காலத்தில் மக்கள் அதையும் சேர்த்து வாய்விட்டுத்தான் சொன்னார்கள். அச்சு வந்து சொற்களின் வடிவம் நிலைத்துவிட்டது. பேச்சு அதன்பின்னும் மாறிக்கொண்டே போயிற்று. சத்தம் போனபிறகும் எழுத்து மட்டும் தாளில் நின்றுவிட்டது. எந்த ஒலிப்பதிவில் அந்தப் பழைய உச்சரிப்பைக் கேட்கலாம், எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது அத்தியாயம், எல்லாம் அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட ஆசையாகக்கூட இருந்தது. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்கு எப்போதுமே கஷ்டம்.

"இதெல்லாம் சாருக்குத் தெரியாததா?" என்றாள். "புத்தகம் எழுதினவரே எதிர்ல நிக்கிறாரு. அவரையே கேளுங்க தம்பி."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். "விளையாடாதே. அந்த நோட்டை எடுத்துக் குடு."

"எந்த நோட்டு?"

"ரெண்டாம் பாகத்துக்கு எழுதினது."

"அதுவா?" தோள்பையின் வாரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "அது என்னோடது."

"பப்ளிஷர்கிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்த வாக்கை நீங்க எழுதுங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனால் உள்ளே படுத்திருந்த மாமியாருக்கு எதுவும் கேட்கவில்லை. "அத்தைக்கு நாலு மணி மாத்திரை அலமாரி மேல இருக்கு. டிபன் சாப்பிட்டதும் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். நூலகத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். வெகுநேரம் எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. விட்ட இடத்திலிருந்து எழுதினாள். இந்தப் பக்கங்களை யார் அச்சிடுவார்கள், யார் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மூடும் மணி அடிக்கும்வரை எழுதினாள்.

வீட்டில் அன்று யாரும் அவளோடு பேசவில்லை. படித்த திமிர் என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் முதல் வகுப்பு நல்லபடியாக நடந்தது. எதிர்பார்த்த கேள்வியே வந்தது. பேசாத அந்த எழுத்து, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பழைய காலத்து அச்சுக்காரர்கள் சேர்த்துக்கொண்டது என்றார் புது விரிவுரையாளர். முந்தின நாள் பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்ன விளக்கம் அது. பலகையிலும் எழுதிப் போட்டார். ஐம்பத்திரண்டு பேரும் அதைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.